மானுக்கு எந்தத் துப்பாக்கி? அணைக்கட்டு வட்டத்துக் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வேலூர் மாவட்டத்தில் பட்டாளத்துக்காரர் இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ராணுவத்தில் 24 வருடம் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுது பார்ப்பவனாக, இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். அதனால் துப்பாக்கி என்று யார் வாயெடுத்தாலும் கடைசியில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். 2024 பொங்கலுக்கு ஒரே வீட்டிலிருந்து இருவர் வந்தார்கள். அப்பாவும் மகனும் தனித்தனியாக வந்து, ஒருவர் கேட்டது மற்றவருக்குத் தெரியாமலே, ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: மானுக்கு எந்தத் துப்பாக்கி சரியாக இருக்கும்?

அப்பாவுக்கு 68 வயது. அணைக்கட்டு வட்டத்தில் ஜவ்வாது மலை அடிவாரத்தில் மூன்று ஏக்கர் கிணற்றுப் பாசன நிலம். காப்புக்காட்டின் எல்லைக்கல் அவர் வரப்பிலிருந்து கூப்பிடு தூரம். மல்லாட்டை (நிலக்கடலை), துவரை, ஓரமாகக் கொஞ்சம் கத்தரி. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று அவர் அப்பா காலத்திலிருந்து வீட்டில் ஓர் ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கி உண்டு. கரிமருந்து போட்டு வாய்வழியாகக் கெட்டிக்கும் ரகம். பழைய உரிமப் புத்தகத்தில் வட ஆற்காடு மாவட்டம் என்ற முத்திரை இன்னும் படிக்கிற மாதிரி இருக்கிறது.

மகனுக்கு 37. அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் கணினி வேலை, கிரீன் கார்டு. அலுவலக நண்பர்களோடு வேட்டைக்குப் போகத் தொடங்கியிருந்தான். அங்கே அது சட்டப்படியான விஷயம். முதன்முறை உரிமம் எடுப்பவர் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்திருக்க வேண்டும், அதை முடித்திருந்தான். (விசாவில் இருப்பவர்கள் கவனிக்க: ஹெச்-1பி போன்ற விசாவில் அங்கே துப்பாக்கி வைத்திருப்பதே பொதுவாகக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால்தான் விலக்கு.)

2023 நவம்பர்: தவறிப்போன மான்

அங்கே ரைஃபிளால் மான் வேட்டையாடும் பருவம் 2023இல் நவம்பர் 25ஆம் தேதி தொடங்கியது. அதற்கு இரண்டு மாதம் முன்பே மகன் .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற தோட்டா போடும் ரைஃபிள் ஒன்றை வாங்கிவிட்டான். பெரிதாக வாங்கினால் ஒரே அடியில் விழும், வாழ்நாளுக்கும் ஒன்று போதும் என்று நண்பர் ஒருவர் சொன்ன யோசனை. 1963இல் வந்த தோட்டா அது. கடமான் அளவிலும் அதற்கு மேலும் உள்ள மிருகங்களைத் திறந்த வெளியில் தொலைவிலிருந்து சுடுவதற்கு ஏற்றது. அவன் போனதோ மரம் அடர்ந்த மலைச்சரிவு. நூறு கெஜத்துக்கு அப்பால் எதுவும் கண்ணுக்கே தெரியாது. அங்குள்ள வெள்ளைவால் மான் நம் புள்ளிமான் அளவுதான் இருக்கும்.

முதல் நாள் காலை எட்டு மணி சுமாருக்கு ஒரு மான் எண்பது கெஜத்தில் பக்கவாட்டில் வந்து நின்றது. சுட்டான். மான் துள்ளி ஓடியது. இரத்தத் துளிகளைப் பார்த்துக்கொண்டே இருட்டும்வரை தேடினார்கள், கிடைக்கவில்லை. அன்றிரவே எனக்குப் போன். குரல் உடைந்திருந்தது. "சித்தப்பா, அது எங்கியோ கெடந்து சாவுது. என்னால தூங்க முடியல."

இங்கே என் முதல் தவறு. ஆர்மரருக்கு எல்லாப் பழுதும் ஆயுதத்தில்தான் தெரியும். ரைஃபிள்மேல் உள்ள தொலைநோக்கி ஆட்டம் கண்டிருக்கும், குறி சரிபார் என்றேன். இரண்டு வார இறுதிகள் ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சித் திடலில், மணல் மூட்டைமேல் வைத்துச் சுட்டுப் பார்த்தான். குறியில் பழுதில்லை. விலை குறைந்த முழு உறைக் குண்டே போதுமே என்று நான் சொன்னது இரண்டாவது தவறு. பட்டாளத்தில் நாங்கள் கையாண்டது அதுதான். வேட்டையில் அது ஆகாது. முழுக்கச் செம்புறை போட்ட குண்டு விரியாமல் ஊடுருவிப் போய்விடும், விலங்கு நெடுநேரம் வதைபடும். உடலில் பட்டதும் விரியும் குண்டோ முழு ஈயக் குண்டோதான் போட வேண்டும் என்பது அங்கே சட்டமே. அவன் எனக்குச் சொல்லிக்கொடுத்தான்.

2024 பொங்கல்: திண்ணையில் பார்த்தது

ஜனவரியில் ஊருக்கு வந்தவன் கைப்பேசியில் ரேஞ்ச் வீடியோ ஒன்றைக் காட்டினான். நின்றபடி சுடுகிறான். இரண்டாம் முறை ஓட விட்டபோதுதான் எனக்கு உறைத்தது. விசையை அழுத்தும் கணத்தில், குண்டு கிளம்புமுன்பே, கண் மூடுகிறது. வலது தோள் முன்னால் தள்ளுகிறது. குழல் முனை கீழே இறங்குகிறது. அடி வரப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே பயப்படுகிறது. மூட்டைமேல் வைத்துச் சுடும்போது இது மறைந்துவிடும், காட்டில் கைப்பிடியில் சுடும்போது வெளிப்படும். அவன் புருவத்துக்கு மேல் பிறை வடிவில் ஒரு தழும்பும் இருந்தது. பின்னுதையில் தொலைநோக்கியின் விளிம்பு வந்து வெட்டியது.

அளவுநாடாவை எடுத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, முழங்கை மடிப்பிலிருந்து சுட்டுவிரலின் முதல் கணு வரைக்கும் அளந்தேன். பன்னிரண்டரை அங்குலம். அவன் ரைஃபிளின் விசையிலிருந்து தோளில் பதியும் கட்டையின் அடிவரை பதின்மூன்றே முக்கால் என்று கடைத் தாளில் இருந்தது. தோராயமான அளவுதான், ஆனாலும் ஒன்றேகால் அங்குலம் என்பது சட்டையில் ஒரு சைஸ் வித்தியாசம் மாதிரி. ஐந்தடி நான்கங்குல ஆள், நீளக் கட்டைக்குக் கழுத்தை நீட்டி, தொலைநோக்கிக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டிருந்திருக்கிறான். இதையெல்லாம் நவம்பரிலேயே வீடியோவில் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை.

காணும் பொங்கல் காலை: நிலத்தில் பார்த்தது

அப்பா கேட்டதன் காரணம் வேறு. "தம்பி, இந்த நாட்டு பீஸு இனிமே ஆவாது. இரட்டைக் குழல் பன்னெண்டு போர் துப்பாக்கி ஒண்ணு வாங்கிக்கலாமா? இல்லன்னா பையன் வச்சிருக்கிறத கொண்டாரச் சொல்லட்டுமா? மானு மேஞ்சே மல்லாட்டைய மொட்டையாக்கிடுச்சு."

மகனுக்கும் அது நியாயமாகவே பட்டது. அங்கே கூட்டம் கட்டுக்குள் இருக்க உரிமம் கொடுத்தே சுடச் சொல்கிறார்கள், இங்கே விவசாயி தன் பயிரைக் காப்பாற்றச் சுடக்கூடாதா என்று கேட்டான். பதில் சொல்லுமுன் நிலத்தைப் பார்க்கலாம் என்றேன். மூவரும் விடியற்காலையில் பனி ஈரத்தோடு நடந்தோம்.

மார்கழியில் விதைத்த மல்லாட்டை, ஒரு மாதப் பயிர். காட்டோரப் பாத்திகளில் நுனித் தளிர் போயிருந்தது. உட்கார்ந்து பார்த்தேன். மானுக்கு மேல்வரிசையில் முன்பற்கள் கிடையாது; கீழ்ப்பல்லால் பற்றி இழுத்துக் கிழிக்கும், காம்பு நார் நாராக நிற்கும். இங்கே பாதிக்கு மேல் அப்படித்தான் இருந்தது. ஆனால் வாய்க்கால் ஓரத்து இரண்டு பாத்தியில் காம்புகள் பிளேடு போட்டதுபோலச் சாய்வாக, சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தன. அது முயல். பக்கத்திலேயே உருண்டைப் புழுக்கைகள். அப்பா முகத்தில் முதல் தடவையாகச் சந்தேகம்.

போன வருடம் எப்போது அதிக நஷ்டம் என்று கேட்டேன். பங்குனியில், காய் முற்றும்போது, என்றார். செடியோடு பிடுங்கி, ஏர் ஓட்டினதுபோல மண்ணைப் புரட்டிப் போட்டிருந்ததாம். மான் மண்ணைக் கிளறாது. அது பன்றி. மான் தளிரைத்தான் கிள்ளுகிறது, வேர் பிடித்த இளஞ்செடி தண்ணீர் இருந்தால் மறுபடி துளிர்க்கும். காயைத் தின்று கணக்கை முடித்தது பன்றி. கண்ணில் படுவது மான் என்பதால் பழி அதன்மேல் விழுந்திருக்கிறது.

நிலத்தின் மேற்கே சுமார் நானூறு மீட்டரில் ஏழெட்டு வீடுகள். கிழக்கே காடு. தெற்கே தார்ச்சாலை. ரைஃபிள் குண்டு எதிலும் படாமல் போனால் மூன்று கிலோமீட்டருக்கு மேலும் போகும். சமதரையில் நின்று எந்தப் பக்கம் சுட்டாலும் குண்டைத் தாங்கும் மண்மேடு ஒன்றுகூட அந்த மூன்று ஏக்கரில் இல்லை.

அன்று மதியம்: குதிருக்கு மேலே இருந்த துப்பாக்கி

இதைத் தனியாகவே எழுத வேண்டும். நாட்டுத் துப்பாக்கி எந்த நிலையில் இருக்கிறது பார்க்கலாம் என்று கேட்டேன். உள்ளறையில் குதிருக்கு மேலே ஆணியில் தொங்கியது. அப்பாவே எடுத்து வந்தார். நான் கெட்டிக்கும் கம்பியை வாய்வழியாக உள்ளே விட்டு, நிற்கும் இடத்தில் கட்டைவிரலால் பிடித்து, வெளியே எடுத்துக் குழலின் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தேன். கம்பியின் முனை, மருந்தைப் பற்றவைக்கும் கேப் பொருத்தும் இடத்துக்கு நான்கு விரற்கடை முன்னாலேயே நின்றது.

உள்ளே மருந்து இருக்கிறது. கெட்டித்தது எப்போது? போன வருடம் பன்றிக்கு என்று போட்டது, சுடவில்லை, மறந்துவிட்டது. அந்த அறையில்தான் பொங்கலுக்கு வந்த பேரப்பிள்ளைகள் மூன்று பேர் ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

கேப் இல்லை என்பதால் வெடிக்காது என்று அப்பா சொன்னார். கரிமருந்துக்கு ஒரு தீப்பொறி போதும். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, முனையை ஆளில்லாத பக்கம் திருப்பி, குழலில் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க ஊறவைத்தேன். நனைந்த கரிமருந்து செத்த மருந்து. மறுநாள் திருகுமுனைக் கம்பியால் பொதியை இழுத்தெடுத்தேன். கறுப்புக் கூழும் பதினொரு ஈயத்துண்டும் வந்தன. குழலின் அடிப்பகுதியில் துரு அரித்த குழிகள். அது வெடித்திருந்தால் முன்னால் போயிருக்குமா பின்னால் வந்திருக்குமா என்று சொல்ல முடியாத நிலை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அப்பாவுக்கு: துப்பாக்கி வேண்டாம். பன்னிரண்டு போர் துப்பாக்கியும் வேண்டாம், வேறெதுவும் வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி மான் வேட்டை குற்றம். நிலம் நம்முடையது என்பதால் மாறிவிடாது. பயிரை அழிக்கும் விலங்காக இருந்தாலும் 11ஆம் பிரிவின்கீழ் தலைமை வன உயிரினக் காப்பாளர் அல்லது அதிகாரம் பெற்ற அலுவலரின் எழுத்துப்பூர்வ உத்தரவு வேண்டும். 1959 ஆயுதச் சட்டம் உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழித் துப்பாக்கிக்கு உரிமம் தர வழி வைத்திருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த உரிமம் துப்பாக்கி வைத்திருக்கத்தான். அதுவே மானைச் சுட அனுமதி ஆகிவிடாது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு மாட்டிக்கொண்டவர்களை எனக்கே தெரியும். மகனின் ரைஃபிளைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவருவது பேச்சுக்கே இடமில்லை, விமான நிலையத்திலேயே சிறைதான்.

பக்கத்து நிலத்துக்காரர் சொன்ன மற்ற இரண்டு வழிகளையும் தள்ளினோம். ஒன்று அவுட்டுக்காய், அதாவது தீனிக்குள் வெடி வைப்பது; மாடும் யானையும் வாய் கிழிந்து சாகும். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் யானை வருவது யாருக்கும் புதிதல்ல. இரண்டாவது கரண்டுக் கம்பியிலிருந்து கொக்கி போட்டு வேலிக்கு இழுப்பது. அதில் செத்த மனிதர்களின் எண்ணிக்கை மானை விடக் குறைவாக இருக்காது என்பது என் அபிப்பிராயம்.

பதிலுக்கு, விட்டு விட்டு மின்துடிப்பு தரும் சோலார் வேலி போடுவது, காப்புக்காட்டை ஒட்டிய நிலம் என்பதால் முறைப்படி வனத்துறையில் பதிந்து போடுவது என்று முடிவானது. பன்றிக்காகத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கீழ்க்கம்பி, மானுக்காக மேலே கூடுதலாக இரண்டு வரிசை. அது வரும்வரை காட்டோரம் பழைய சேலைகள் கட்டுவது. சேலைக்கு மான் சில வாரங்களில் பழகிவிடும் என்று தெரிந்துதான் செய்தோம்.

மகனுக்கு: ரைஃபிளை மாற்று. எனக்கு முதலில் வாயில் வந்தது .308 தோட்டாதான், ஏறக்குறைய அதே அளவான ராணுவ 7.62 தோட்டாவோடு 24 வருடம் குடித்தனம் நடத்தியவனுக்கு வேறென்ன வரும். ஆனால் பின்னுதைக்கு அஞ்சும் உடம்பைத் திரும்பப் பழக்க அதைவிட மெதுவாக உதைப்பதே நல்லது. .243 வின்செஸ்டர், 7 மி.மீ.-08 இரண்டையும் பேசினோம். இரண்டும் அந்த .308 உறையின் கழுத்தைச் சுருக்கிச் செய்தவை. நூறு கெஜத்துக்குள் சுடும் மானுக்கு இரண்டுமே தாராளம். 7 மி.மீ.-08இல் 140 கிரெய்ன், ஏறக்குறைய 9 கிராம் எடையுள்ள விரியும் குண்டு கிடைக்கிறது. பின்னுதை அவன் பழைய ரைஃபிளில் பாதி அளவுக்குத்தான் வரும். குட்டைக் கட்டை, கையால் போல்ட் இழுக்கும் ரகம். பென்சில்வேனியாவில் மானுக்கு அரைத் தானியங்கி ரைஃபிள் கூடாது என்பதால் அந்தப் பேச்சே எழவில்லை. பக்கத்து ஒஹையோவில் பொது நிலைமை வேறு. அங்கே ஷாட்கன், கழுத்துச் சுருங்காத நேர்ச்சுவர் உறைத் தோட்டா போடும் ரைஃபிள் போன்றவைதான். எல்லையைத் தாண்டினால் சரியான துப்பாக்கி என்பதே மாறிவிடுகிறது. கடையில் போய் எது நல்லது என்று கேட்பதற்கு முன்னால் எந்த மாநிலம், எந்தக் காடு என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கூடவே ஒரு பயிற்சியும் கொடுத்தேன். கூட வரும் நண்பர் தோட்டா நிரப்பிக் கொடுக்க வேண்டும், நடுநடுவே மருந்தில்லாத வெற்றுத் தோட்டா கலந்து. எது எப்போது வரும் என்று சுடுபவனுக்குத் தெரியக்கூடாது. வெற்றுத் தோட்டா வரும்போது குழல் முனை கீழே குதித்தால் அச்சம் இன்னும் போகவில்லை என்று அர்த்தம். வீட்டில் வெறும் ரைஃபிளின் குழல் நுனியில் காசு வைத்து விசை அழுத்திப் பழகு, காசு விழக்கூடாது. இது ராணுவத்தில் எல்லா ரெக்ரூட்டும் செய்வது.

பின்னர் நடந்தது

மார்ச் 16 அன்று தேர்தல் அறிவிப்பு. உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொன்னார்கள். காய் முற்றும் நேரம், பன்றி இறங்கும் நேரம், துப்பாக்கி நிலையத்தில். அப்பாவுக்குக் கோபம் என்மேல் வந்தது, வேலி இன்னும் முடியவில்லை என்பதால். கீழ்க்கம்பி ஓட்டம் காட்டோரப் பக்கம் மட்டுமே முடிந்திருந்தது. பன்றிகள் சுற்றிக்கொண்டு சாலைப் பக்கமாக வந்து கால் ஏக்கரைப் புரட்டின. நிலத்தைப் படம் எடுத்து ரேஞ்சர் ஆபீஸில் மனுக் கொடுத்தோம். நிவாரணம் வந்தது, தாமதமாக, எதிர்பார்த்ததைவிடக் குறைவாக.

ஜூனில் துப்பாக்கியைத் திரும்ப வாங்கினார். வீட்டுக்குக் கொண்டுவராமல் வேலூரில் உரிமம் பெற்ற ஆயுதக் கடை ஒன்றில் பாதுகாப்புக்கு வைக்கச் சம்மதித்தார். அரசிடமே ஒப்படைத்துவிடச் சொன்னேன், மறுத்துவிட்டார். "எங்க அப்பன் கையில இருந்தது தம்பி." அதற்குமேல் நான் பேசவில்லை. ஆவணியில் வேலி நான்கு பக்கமும் முடிந்தது. அடுத்த மார்கழிப் பட்டத்தில் பன்றி ஒரு தடவைதான் உள்ளே நுழைந்தது. புல் வளர்ந்து கீழ்க்கம்பியைத் தொட்டு மின்துடிப்பு இறங்கிப்போன ஓர் இடத்தில். மான் இன்னும் வருகிறது. மேல்கம்பியைத் தாண்டிக்கூட வருகிறது. ஆனால் ஒன்றிரண்டு, கூட்டமாக இல்லை.

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு காட்டுப்பன்றிகள் குறித்து முடிவு அறிவித்தது: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பிடிக்கவும் சுடவும் கூடாது, ஒன்று முதல் மூன்று வரை பிடித்துக் காட்டில் விடலாம், மூன்றுக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். அப்பா பேப்பரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அவர் நிலம் முதல் வட்டத்துக்குள் இருக்கிறது, சுடுவதும் விவசாயி இல்லை, மானுக்கு அதில் இடமே இல்லை. மூன்றையும் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருந்தது.

மகன் 2024 பருவத்தில், நவம்பர் 30ஆம் தேதி தொடக்க நாளில், சுடவில்லை. மான் ஒன்று மேட்டின் உச்சியில் வானத்தை முதுகுக்குப் பின்னால் வைத்து நின்றதாம். குண்டு தவறினால் எங்கே போகும் என்று தெரியாததால் விட்டுவிட்டான். அடுத்த சனிக்கிழமை அறுபது கெஜத்தில், சரிவுக்குக் கீழே நின்ற மானைச் சுட்டான். நாற்பதடிக்குள் விழுந்தது. பத்து நாளுக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய பதிவையும் அன்றிரவே செய்துவிட்டதாகச் சொன்னான். பழைய ரைஃபிளைக் கடையில் கொடுத்துவிட்டான், பாதி விலைக்குப் போனது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

மகன் விஷயத்தில், முதல் போனிலேயே ரைஃபிளைப் பற்றிக் கேட்காமல் ஆளைப் பற்றிக் கேட்டிருப்பேன்: எத்தனை உயரம், எவ்வளவு தூரத்தில் சுடுவான், சுடும்போது கண் திறந்திருக்கிறதா. அவன் வாங்குவதற்கு முன் மூன்று ரகத்தையாவது வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

அப்பா விஷயத்தில், வீட்டுக்குள் நுழைந்ததும் சாப்பாட்டுக்கு உட்காருமுன் துப்பாக்கியில் கம்பி விட்டுப் பார்த்திருக்க வேண்டும். நான் காலை முழுவதும் தளிர் பார்த்துக்கொண்டிருந்தேன்; அந்த நேரத்தில் பிள்ளைகள் குதிரடியில் இருந்தார்கள். வேலியையும் தை மாதம் பேசி மார்ச்சில் பாதியாக விட்டிருக்கக்கூடாது. விதைப்புக்கு முன்பே நான்கு பக்கமும் முடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பட்டம் காட்டோரம் மல்லாட்டை போட்டிருக்கக்கூடாது.

இந்தப் பொங்கலுக்கு வந்தபோது மகன் தன் வேட்டைத் தொப்பியை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனான். கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறம். அங்கே ரைஃபிள் பருவத்தில் தலையிலும் மார்பிலும் முதுகிலுமாக 250 சதுர அங்குலம் அந்த நிறம் போட்டே ஆகவேண்டும். அப்பா இரவுக் காவலுக்கு அதைத்தான் போட்டுக்கொள்கிறார், மானுக்குப் பயம் வரும் என்று. மானுக்கு ஆரஞ்சு தனி நிறமாகத் தெரியாது, அது மற்ற வேட்டைக்காரர்களுக்காக என்று சொன்னேன். கழற்றவில்லை.